இன்னும் உடையவில்லை

முகத்துவாரத்தில், கடலுக்கு முதுகு காட்டிய தொடர்மாடி.
பன்னிரண்டு மாடி, மாடிக்கு எட்டுக் கதவு.
உப்புக்காற்று ஆணிகளைத் தின்று முடித்து
இப்போது பிணைச்சல்களில் வாய் வைத்திருக்கிறது.

காரியாலயத்தில் ஒரு படிவம் தருவார்கள்.
முதல் கேள்வி: என்ன உடைந்தது?
இரண்டாவது: எப்போது உடைந்தது?
மூன்றாவதற்கு நாலு சின்னக் கட்டங்கள்,
கசிவு, வெடிப்பு, அடைப்பு, ஏனையவை.

ஏனையவையில் புள்ளடி இட்டுப்
பக்கத்தில் எழுதினேன்:
தண்ணீர்ப் பம்பின் பேரிங்.
இன்னும் உடையவில்லை.
சத்தம் மாறியிருக்கிறது.

எழுதுவினைஞர் இரண்டு தரம் வாசித்தார்,
கண்ணாடியைக் கழற்றி இன்னொரு தரம்.
"மிஸ், உடைஞ்ச பிறகு கொண்டாங்கோ.
உடைஞ்சதுக்குத்தான் காசு ஒதுக்கியிருக்கு."
நல்ல மனிதர். சொல்லும்போது குரல் தாழ்ந்தது,
வார்டுக்கு வெளியே நின்று
நோயாளியைப் பற்றிப் பேசுவதுபோல.

பதினேழாம் நாள் உடைந்தது.

பேரிங் இரண்டாயிரத்து நானூறு ரூபா.
எரிந்த மோட்டர், பவுசர், ஆட்கூலி, திரும்ப ஆட்கூலி,
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
படிவத்தை மறுபடி நிரப்பினேன், இந்தமுறை சரியாக.
ஆறு நாள் பதினோராம் மாடிக்கு
வாளி தூக்கிய பிலோமினா அக்காவின் முழங்காலை
எந்தக் கட்டத்தில் போடுவது என்று மட்டும்
தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கொப்பி.
மகன் பாதியில் விட்ட கணக்குக் கொப்பி,
பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
பெப்ரவரி: மொட்டைமாடி பீலிவாய். காகம் போட்ட எலும்பு,
பொலித்தீன், ஒரு பிள்ளையின் செருப்பு.
ஏப்ரல்: தாங்கி கழுவ, வருஷப்பிறப்புக்கு முன்.
மே: மழை வருமுன் மேற்குச் சுவர் வெடிப்பு.
இப்போது நகம் நுழைகிறது.
விரல் நுழையுமுன் பூச வேண்டும்.
லிப்ட் கயிறு: எல்லா மாதமும்.

கதவுக்கு இருநூறு ரூபா.
தொண்ணூற்றாறில் ஐம்பத்தொன்று தந்தன.
நாலாம் மாடி முஸம்மில் தரவில்லை.
"என்ட பைப் ஒழுகல்லையே."
ஒழுகவில்லைதான்.
ஐந்தாம் மாடியில் ஒழுகுகிறது,
தண்ணீருக்கு நாலாம் மாடிக்கு வழி தெரியும்
என்று சொல்ல வாய் எடுத்தேன்.
பின்னால் நின்ற அவர் மனைவி நஸ்ரியா
கண்ணாலே பொறுக்கச் சொன்னாள்.
மறுநாள் பிள்ளையின் கையில் அனுப்பினாள்,
முழுவதும் சில்லறை, மிளகாய்த்தூள் மணத்தோடு.

லயனல் பாஸுக்கும் முதலில் பிடிபடவில்லை.
ஒழுகாத பைப்புக்கு என்ன கூலி கேட்பது?
ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
வெட்கத்தோடு முந்நூறு ரூபா வாங்கினார்.
மூன்றாம் மாதம் அவரே வந்து சொன்னார்,
ஐந்தாம் மாடி வளைவில் துரு,
இன்னும் ஒரு மழை தாங்காது என்று.

வருடக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்கள்:
"இவ்வளவு காசுக்கு என்ன நடந்தது?"

ஒன்றும் நடக்கவில்லை.
பதினொரு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை.
ஏழாம் மாடிக் குழந்தை காய்ச்சலோடு
நள்ளிரவில் லிப்டில் இறங்கியது.
தாய் குழந்தையை நினைத்தாள், டாக்டரை நினைத்தாள்,
லிப்டை நினைக்கவில்லை.
அதைக் காட்ட என்னிடம் படம் இல்லை.
பற்றுச்சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தேன்.
விசிறி காற்றில் இரண்டு பறந்தன.
எல்லோருமாய்க் குனிந்து தேடினோம்.

இன்று விடிய நாலரைக்குப் பம்பு தொடங்கியது.
சுவரில் காது வைக்கத் தேவையில்லை,
படுத்தபடியே கேட்டது:
மேல் வீட்டில் யாரோ
தேங்காய் துருவுவதுபோல, மெல்லியதாய்.
லைட் போடாமல் கொப்பியை எடுத்து,
எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏற, எழுதினேன்:
வியாழன். சத்தம். லயனல் பாஸுக்குச் சொல்ல.

பிறகு திரும்பிப் படுத்தேன்.
தண்ணீர் என் மாடியைக் கடந்து
மேலே போய்க்கொண்டிருந்தது.